மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து சிங்கப்பூர்: பன்றிக் காய்ச்சலோடு ஒரு வளைகாப்புப் பயணம்

என் தங்கை மலர்விழிக்கு ஏழாம் மாத வளைகாப்பு. அதற்காகத்தான் பொங்கல் முடிந்த வாரம் கோவையிலிருந்து சிங்கப்பூர் போனேன். புதன்கிழமை போய்ச் சேர்ந்து, ஞாயிறு விழாவில் இருந்துவிட்டு, திங்கள் திரும்புவதாகத் திட்டம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீட்டின் சார்பில் போக நான் ஒருவன்தான். ஆறு நாள் பயணம் எட்டு நாளாக நீண்டது. அதில் நான்கு நாள் நான் பார்த்த சிங்கப்பூர், ஒரு விடுதி அறையின் ஜன்னல் அளவுதான்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது காலை ஏழு பத்து. ரயில் நிலையம் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே நிறுத்தத்தில் எக்ஸ்போ. அங்கே நீலப் பாதைக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து நிமிடம், கட்டணம் இரண்டு வெள்ளி சொச்சம். டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். லிட்டில் இந்தியாவையும் இங்குள்ள தமிழர்கள் தேக்கா என்றே சொல்வார்கள். டாக்ஸியில் அப்படிச் சொன்னாலும் போதும்.

மலரின் வீடு செம்பவாங்கில். அவள் மாமியார் வீட்டு உறவுகளே அங்கே நிறைந்திருந்ததால் நான் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு சிறிய விடுதியில் தங்கினேன். மூன்றாம் மாடி, ஒரு நாளுக்கு எண்பத்தைந்து வெள்ளி. அறை சிறியது. ஆனால் ஜன்னலைத் திறக்க முடியும். அது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது எனக்குத் தெரியாது. கீழே மாலை கட்டும் கடை. பொங்கலுக்குப் போட்ட விளக்குத் தோரணங்களை இன்னும் கழற்றவில்லை. பகல் வெளிச்சத்தில் அணைந்து தொங்கிய அவை, தூங்கும் பறவைகள் போல இருந்தன.

மாலை செம்பவாங் போனேன். டோபி காட்டில் சிவப்புப் பாதைக்கு மாற வேண்டும், ஐம்பது நிமிடம். கதவைத் திறந்ததும் மலர் வயிற்றைத் தாங்கிக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். சாப்பிடும்போது தொண்டை சற்றுக் கரகரத்து, ஓரிரு முறை இருமினேன். விமானத்தின் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை ஊதாப் பாதையில் மூன்றே நிறுத்தம் தள்ளியிருக்கும் சைனாடவுன் போனேன். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, மெரினா பே வரை நடந்தேன். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நடக்க நடக்கச் சாலை நீண்டுகொண்டே போனது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் உயரக் கட்டடங்கள் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல மெல்ல அசைந்தன. ஒரு படகு சத்தமே இல்லாமல் போனது. எவ்வளவு அழகு என்று ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழகில் பாதி காய்ச்சல் என்பது பிறகுதான் புரிந்தது.

வெள்ளி காலை எழுந்தபோது உடம்பு அடித்துப் போட்டது போல வலித்தது. தெர்மாமீட்டர் 38.9 டிகிரி செல்சியஸ் காட்டியது; நம் ஊர்க் கணக்கில் நூற்றிரண்டு. கைபேசியில் அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்; எனக்கு அடுத்த நாற்காலி சேகருடையது. கிளம்புவதற்கு முந்தைய நாள் இருவரும் ஒரே தாளின் மேல் குனிந்து வேலை பார்த்தோம். அவன் இருமிக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சோதனையில் பன்றிக் காய்ச்சல் என்று வந்திருக்கிறதாம்.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பாராசிட்டமால் போட்டேன். ஒரு மணி நேரத்தில் 37.2. குளித்து, நல்ல சட்டை போட்டு, செம்பவாங் கிளம்பிவிட்டேன். ஞாயிறு விழாவுக்காக அன்று பகலில் வளையல் அடுக்க வேண்டும், சீர்த்தட்டு எண்ண வேண்டும். பிறந்த வீட்டில் ஒருவர்கூட இல்லாமல் மலர் எப்படி நிற்பாள்? இதுதான் மனதில் ஓடியது. காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரயிலில் இருமல் வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண், ஏதோ கம்பெனிச் சீருடையில் இருந்தார். பையிலிருந்து இரண்டு முகக்கவசம் எடுத்து, ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, உறை பிரிக்காத மற்றதை என்னிடம் நீட்டி, சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய 'லா' சேர்த்துச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. போட்டுக்குங்க லா. என் ஹஸ்பண்டுக்கு டயாலிசிஸ் போயிட்டு இருக்கு. நான் ஏதும் கொண்டு போயிட்டேன்னா அவருக்குத் தாங்காது."

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"பரவால்ல. டாக்டர்கிட்ட போனீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் எழுந்து அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டார். வழியில் நொவினா நிலையத்தில் நான் இறங்கிவிட்டேன். நடைமேடையின் கடைசியில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று மலரை அழைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சேகர், 38.9, மாத்திரை, சட்டை. 

"புதன்கிழமை என்னைக் கட்டிப் புடிச்சீங்களேண்ணா."

"ஆமா மலரு."

"சரி. நான் என் டாக்டருக்கு கால் பண்றேன். நீங்க இங்க வரவேண்டாம். முதல்ல கிளினிக் போங்க." பிறகு குரல் உடைந்தது. "வரவேண்டாம்னு நானே சொல்ற மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

தேக்காவுக்கே திரும்பி ஒரு கிளினிக்கில் நுழைந்தேன். டாக்டர் யாழ்ப்பாண வம்சாவளி; பாட்டன் காலத்திலிருந்தே சிங்கப்பூர்க் குடும்பமாம். சேகரைப் பற்றியும் மலரைப் பற்றியும் சொன்னதும் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார். கால் மணியில் முடிவு வந்துவிட்டது.

"இன்ஃப்ளுயென்சா ஏ. பக்கத்துல இருந்தவருக்கு எச்1என்1 பன்றிக் காய்ச்சல் எண்டா உங்களுக்கும் அதுவாத்தான் இருக்கும். பயப்பட ஒண்டும் இல்லை, இப்ப அது வருஷா வருஷம் வர்ற ஃப்ளூ மாதிரித்தான். ஆனா கர்ப்பிணிக்கு அப்பிடி இல்லை. அவவுக்குக் கடுமையாப் போகலாம்."

"மாத்திரை போட்டா காய்ச்சல் இறங்குதே டாக்டர்."

"இறங்குறது நம்பர் மட்டும்தான். கிருமி அப்பிடியே இருக்கும். மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராம இருக்கணும். அது வரைக்கும் ரூம்தான். மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா உடனே ஹாஸ்பிட்டல்."

வைரஸுக்கு எதிரான மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று, ஐந்து நாளுக்கு. காய்ச்சல் கண்ட இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலனாம். சோதனை, மருந்து எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றெட்டு வெள்ளி.

விடுதியில் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. சொல்லிவிட்டேன். வரவேற்பில் இருந்த பாண்டியன் ஒரு நிமிடம் யோசித்தார்.

"ரூம்லயே இருங்க சார். சாப்பாடு வாசல்ல வெச்சிட்டுத் தட்டுவேன். நான் போன பிறகு திறங்க. துண்டு, பெட்ஷீட் எல்லாம் பையில கட்டி வெளிய வைங்க, தனியா துவைக்கச் சொல்றேன்." பிறகு, "சொல்லாம இருந்திருந்தாத்தான் சார் எனக்குக் கோவம் வந்திருக்கும்" என்றார்.

அப்படித்தான் அந்த நான்கு நாள் தொடங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். காலையில் மல்லிகை வாசம் மூன்று மாடி ஏறி வரும். கோவில் மணி ஒலிக்கும். அது எங்கள் தெருக் கோவில் என்று அரைத் தூக்கத்தில் தோன்றும். மழை வரும், ஓடுகள் கறுத்துப் பளபளக்கும், பத்து நிமிடத்தில் வெயில் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆறரை ஏழு மணிக்கு விளக்குத் தோரணம் எரியும். கூரையில் ஒரு நிறம் மாறும்போது நான் கண் மூடுவேன்; திறக்கும்போது வேறு நிறமாக இருக்கும். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. தண்ணீர் குடிப்பேன், கை கழுவுவேன், மறுபடி படுப்பேன். சாப்பாட்டுத் தட்டை வாங்குமுன் முகக்கவசம் போடுவேன். தாழ்ப்பாளையும் குழாய்த் திருகையும் துடைப்பேன். அந்தச் சின்ன வேலைகள் மட்டும்தான் அது கனவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன.

மலரின் மாமியார் ஒரு முறை பேசினார். "தம்பி, ஃபுட் சென்டர்ல பன்னிக்கறிக் கடை பக்கத்துல உட்காந்தீங்களா?" என்று தயங்கிக் கேட்டார். கறியால் வருவதில்லை, மனிதர் இருமித்தான் மனிதருக்கு வருகிறது, பெயர்தான் அப்படி என்று விளக்கினேன். "அப்போ அந்தக் கடைக்காரன் பாவம்" என்றார். எனக்கு அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மலரின் கணவர் பிரபு அழைத்தார்.

"மச்சான், மலருக்கு டெம்பரேச்சர் 37.8. ஹாஸ்பிட்டல் போயிட்டு இருக்கோம். ரிசல்ட் வந்ததும் கால் பண்றேன்."

அதன் பிறகு இரண்டு மணி நேரம். ஜன்னலில் எதுவும் தெரியவில்லை எனக்கு. அந்தப் புதன்கிழமைக் கதவு திறப்பதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேகர் இருமியபோது நான் நாற்காலியை நகர்த்தியிருக்கலாம். கரகரத்த தொண்டையோடு அவள் பக்கத்தில் உட்காராமல் இருந்திருக்கலாம்.

ஆறு பத்துக்கு பிரபு அழைத்தார். "நெகட்டிவ் மச்சான். ஃப்ளூ இல்ல. ரொம்ப அலைஞ்சுட்டா, தண்ணியும் சரியா குடிக்கல, அதுதான்னு சொல்றாங்க. ஆனா நேத்து அவ டாக்டர் முன்னெச்சரிக்கையா கொடுத்த மாத்திரைய விடக் கூடாதாம்." ஐந்தாம் மாதத்திலேயே மலர் ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தாள் என்பதையும் அப்போதுதான் சொன்னார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன்.

டாக்டர் அனுமதித்ததால் ஞாயிறு பத்தரை மணிக்கு வளைகாப்பு நடந்தது. தோ பாயோ பகுதியில், கோவில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். கைபேசியில் பார்த்தேன். அந்த மாமியார்தான் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். சளி, தும்மல் இருப்பவர்கள் வரவேண்டாம் என்று முதல் நாளே சொல்லியாகிவிட்டது. இரண்டு குடும்பம் வரவில்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொரு பெண்ணும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மேடை ஏறினார். "கன்னத்துல வேணாம், கையில மட்டும் சந்தனம் பூசுங்க" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்வது கேட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. மலரின் இரண்டு கைகளும் முழங்கை வரை மஞ்சளாக, கன்னங்கள் மட்டும் வெறுமையாக. சரியாகத்தான் இருந்தது. நான் படுக்கையில் நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவோடு காய்ச்சல் நின்றது. திங்கள் முழுக்க மாத்திரை இல்லாமலே 36.8. டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்ற எழுபது வெள்ளி ஆனது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு செம்பவாங் பூங்காவின் கடற்கரையில் மலரைப் பார்த்தேன். ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் கால் மணி நேரம். நகரத்தில் கூட்டமில்லாத கடல் வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். எதிர்க்கரையில் மலேசியா சாம்பல் கோடாகத் தெரியும். நீண்ட பெஞ்சின் இரு கோடியிலும் முகக்கவசத்தோடு உட்கார்ந்தோம். காற்று நன்றாக அடித்தது.

"ஒண்ணு சொல்லணும்ணா" என்றாள். "அன்னைக்கு சாப்பிடும்போது நீங்க இருமினத நான் கவனிச்சேன். மாஸ்க் போட்டுக்குங்கன்னு சொல்ல வந்தேன். சொன்னா நீங்க சங்கடப்பட்டுக் கிளம்பிடுவீங்களோன்னு விட்டுட்டேன்."

"நானும்தான். வெள்ளிக்கிழமை காலைல சொன்னா நீ தனியா நிப்பியோன்னு மறைச்சுக் கிளம்பினேன்."

கடலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.  

அன்பினால்தான் இருவரும் மறைத்தோம். வீட்டுக்குள் இந்தக் காய்ச்சல் நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே இது போன்ற பயணம் திட்டமிடுபவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கர்ப்பிணியை, கைக்குழந்தையை, வயதானவரை, நீண்ட நோய் உள்ளவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள். அது வேலை செய்ய அவ்வளவு நாள் ஆகும். பையில் தெர்மாமீட்டர் ஒன்று, முகக்கவசம் பத்து. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு ஆகும். இருமல் வந்தால் உள்ளங்கையில் வேண்டாம், முழங்கை மடிப்பில். வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிக்கொள்வதற்கு முன் கை கழுவுங்கள். உடம்பு சரியில்லை என்றால் காய்ச்சலைக் குறைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், வாய் திறந்து சொல்லிவிடுங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டும் பயணக் காப்பீடும் வாங்குங்கள்; நான் காப்பீடு வாங்கவில்லை. அறை எடுக்கும்போது ஜன்னல் திறக்குமா என்று கேளுங்கள்.

நேற்று பிரபு அழைத்தார். பெண் குழந்தை, மூன்று கிலோ, இருவரும் நலம். "எப்ப வர்றீங்க மச்சான்?" என்று கேட்டார். "இன்னும் பதினைஞ்சு நாள்" என்றேன். அவ்வளவு தாமதமா என்று அவர் கேட்கவில்லை. இன்று காலைதான் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தேன். இதைத் தட்டச்சு செய்யும்போது இடது தோள் லேசாக வலிக்கிறது.