வீரையாவின் கரண்டிச் சுவிச்சு

வீரையாவின் பெயரை எடுத்தால் எங்கள் ஊரில் எவரும் முதலில் சொல்லுகிற சொல் "பாவம்". இத்தனை வருசமாக அது எனக்கு நெஞ்சுக்குள் முள்ளாகவே கிடக்கிறது. கடைக்குக் காற்றடிக்க வருகிறவனும் சொல்லுவான், சங்கக்கடை வரிசையில் நிற்கிறவனும் சொல்லுவான். "வீரையாவோ? பாவம், மரத்தாலை விழுந்தவனெல்லே" என்பார்கள். அவன் விழுந்தது மரத்திலிருந்து அல்ல, ரிவி அன்ரனா கட்டிய கம்பத்திலிருந்து. அதைச் சரியாகச் சொல்லத் தெரியாது, பாவம் சொல்ல மட்டும் நாக்கு முந்தும். நான் சைக்கிள் திருத்துகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். அவன் பாவம் இல்லை என்று யாராவது ஒருவன் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு ஓடிவந்த சனத்தோடு அவனும் வந்தான். கூட மனைவி பேச்சியம்மா. இரண்டு பேரிடமும் இருந்த சாமான் ஒரு கைத்தையல் மெசினும் ஒரு பிஸ்கற் தகரமும். தகரத்துக்குள் உடைந்த ரேடியோக்களின் குடல். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டைச் சந்தியில் என் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, "அண்ணே, இந்த மூலையில ஒரு மேசை போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டான்.

"என்ன வேலை செய்வாய்?"

"ரேடியோ திருத்துவேங்க."

"இஞ்சை ஆரின்ரை ரேடியோ அடிக்கடி பழுதாகுது?"

"பழுதாகாட்டி நல்லதுதானே. சும்மா உக்காந்து பாட்டு கேப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையைக் கொடுத்தேன். எங்களுக்குக் கரண்ட் இல்லை. நான் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிற அடுப்பில்தான் அவன் தன் சோல்டரிங் கம்பியைச் சூடாக்குவான். ஒரு பக்கம் ரப்பர் மணம், மறுபக்கம் ஈயப் புகை. வயலுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. திருத்தி முடித்த ரேடியோவை ஆள் வந்தால் தான் போட்டுக் காட்டமாட்டான். நிப்பாட்டியபடி கையில் கொடுத்து, "நீங்களே போடுங்க" என்பான். வந்தவர் திருகுவார், பாட்டு வரும், முகம் மலரும். எனக்கு இது வீண் கூத்தாகப் பட்டது.

"போட்டுக் குடுத்து அனுப்பன்ரா. ஏன் மினைக்கெடுறாய்?"

"சாமான் அவுங்களோடது அண்ணே. அவுங்க கை பட்டுத்தான் அது பேசணும்."

எண்பத்துநாலாம் ஆண்டு வட்டக்கச்சியில் ஒரு கலியாண வீட்டில் ரிவி போடக் கூப்பிட்டார்கள். இந்தியப் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அன்ரனா தென்னைக்கு மேலே நிற்க வேண்டும். கமுகங்கம்பு இரண்டை ஒட்டிக் கட்டிய கம்பம், அவன் மேலே ஏறி நிற்க ஒட்டில் முறிந்தது. கழுத்து அடிபட்டுவிட்டது. மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது கால்கள் இரண்டும் அசையாது, கணக்கில் இல்லை. முழங்கை மடியும். வலது மணிக்கட்டு மேலே எழும், பிறகு தன் பாரத்தில் தொப்பென்று விழும். விரல்கள் ஒன்றும் சொல்வழி கேளாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவனுடைய ரேடியோ இருந்தது. நான் போகிற நேரமெல்லாம் அது ஊமையாகவே இருக்கும். "பேச்சியம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொல்லன்" என்றேன் ஒரு நாள்.

"தண்ணி வேணும்னா கூப்பிடலாம் அண்ணே. பாட்டு கேக்கணும்னு எப்புடிக் கூப்பிடுறது? அவ மெசின்ல ஒக்காந்திருக்கா."

அந்த நாட்களில் டுபாயிலிருந்து லீவில் வந்திருந்தான் யோகநாதன், எங்கள் அயலவன். அவன் கையில் ஒரு சின்ன விளையாட்டுப் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே ஒரு கறுப்புப் பொம்மை ஓடும், பொத்தானை அமத்தினால் பாயும். ஊரே அவன் பின்னால் திரிந்தது. நல்ல மனதோடுதான் அதை வீரையாவிடம் கொண்டுவந்தான். வீரையாவின் கண் அந்தப் பெட்டியை விட்டு அசையவில்லை. யோகநாதன் பெட்டியை அவன் கையில் வைத்தான். விரல் கிடந்தபடியே கிடந்தது. கடுகு மாதிரிப் பொத்தான்கள், அவன் கை என்ன செய்யும்?

"பறவாயில்லை, நான் அமத்திறன். நீ பாத்துக்கொண்டிரு" என்றான் யோகநாதன்.

வீரையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடுத்த நாள் நான் போனபோது கேட்டான். "அண்ணே, நாம ஒரு பெட்டி செய்வமா? நான் சொல்றேன், நீங்க செய்ங்க. ஆனா ஒண்ணு. போடுறதும் நானு, நிப்பாட்டுறதும் நானு. அது முடியாட்டி பெட்டியே வேணாம்."

பெட்டிக்குச் சவர்க்காரப் பெட்டி எடுத்தோம், பிளாஸ்ரிக்கில் இரண்டு பாதியாக மூடுகிறது. அடியில் தண்ணீர் வடிய வரிசையாக ஓட்டை இருக்குமே, ஒவ்வோர் ஓட்டையிலும் குன்றிமணி அளவு சிவப்பு லைற் ஒன்று கச்சிதமாக இருந்தது. பெட்டியைக் கவிழ்த்தால் அதுவே முகம். லைற் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நடு ஓட்டைக்கு வரும்போது அடித்தால் அது நிற்கும், வென்றாய். தப்பினால் திரும்ப ஓடும். உள்ளே இருக்கிற, பூச்சி மாதிரிக் கால் முளைத்த சின்னச் சாமான்கள் அவனுடைய பிஸ்கற் தகரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவை. என் விரல் தடிப்பு. அதனால் பேச்சியம்மாதான் வயர் பற்ற வைத்தா. ஊசியில் நூல் கோக்கிற கையல்லவா, இரண்டாம் நாளே என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டா.

விளையாடுகிற பொத்தான் செய்வது சுகம். ஒரு பித்தளைத் தகடு, கை விழுந்தால் தொடும், எழுந்தால் விடும். பெட்டியை ரியூப் வாரால் அவனுடைய இடது உள்ளங்கையில் கட்டிவிட்டால் வலது கையால் அடிக்கலாம். எங்களைக் கொன்றது போடுகிற சுவிச்சுத்தான். ரோச்லைற் சுவிச்சைத் தள்ள விரல் வேண்டும். நூல் கட்டிப் பல்லால் இழுக்கச் சொன்னேன்.

"நான் என்ன மாடா?" என்றான். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

பிறகு அவனே அமத்துகிற பேனையைக் கண்டுபிடித்தான். தலையில் ஒரு தரம் அமத்தினால் முனை வெளியே வந்து நிற்கும், மறுதரம் அமத்தினால் உள்ளே போகும். மைக்குழலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செப்புக்கம்பி வைத்தோம். கம்பி வெளியே வந்தால் தகட்டில் தொடும், லைற் ஓடும். நான் அமத்தினேன், ஓடியது. அவன் கையைத் தூக்கிப் போட்டான். ஒன்றுமில்லை. திரும்பப் போட்டான். பேனைச் சுருளுக்கு அவன் கைப் பாரம் காணாது. சுருளை வெட்டிக் குறைத்தேன், அப்போது பேனை திரும்பி எழவில்லை. நெற்றி வியர்த்து, "விடுங்க அண்ணே" என்று கண்ணை மூடிக்கொண்டான். அன்று நான் தேத்தண்ணீரும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் என் சைக்கிள் பிரேக் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து கத்தினான். "அண்ணே, பிரேக்க எங்க புடிச்சா லேசு?"

"நுனியிலை. அடியிலை பிடிச்சால் ஆனை வேணும்."

"அப்ப என் கையும் நுனியில விழட்டுமே!"

நீளமான பிடி ஒன்று வேண்டும், நுனியில் கை விழ அகலமாகவும் இருக்க வேண்டும். நான் கடையில் இருக்கிற இரும்பையெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்க, பேச்சியம்மா குசினிக்குள் போய்க் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தா. அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிற கரண்டி.

"கஞ்சிக்கு என்ன செய்யப் போறாய்?" என்றேன்.

"கோப்பையோட குடிக்கட்டும். ஆம்பளதானே."

கரண்டியின் காம்பை வளைத்து, சைக்கிள் சில்லுக்கம்பித் துண்டொன்றை அச்சாக மாட்டி, காம்பு பேனைத் தலையை அழுத்துகிற மாதிரி வைத்தேன். குழிப்பக்கம் கீழே, முதுகு மேலே. வீரையா மணிக்கட்டைத் தூக்கினான். விழுத்தினான். டிக். லைற் ஓடியது. திரும்பத் தூக்கி விழுத்தினான். டிக். நின்றது. டிக், ஓடியது. டிக், நின்றது.

"டேய், விளையாடன்ரா!" என்றேன்.

"இதுதாண்ணே வெளையாட்டு."

பேச்சியம்மா மெசினை விட்டு எழுந்து வந்து கதவடியில் நின்றா.  அச்சு கிறீச்சிடுவது அவவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் நான் வருமுன் தையல் மெசின் எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தா. எண்ணெய் வழிந்து தகட்டுக்குப் போக, அதில் எங்கள் செம்புழுதி ஒட்டிப் பெட்டி செத்துக் கிடந்தது. வீரையா கத்தின கத்தலில் கோழிகள் ஓடின.

"எண்ணெ விடாம எந்த மெசின் ஓடுது, சொல்லுங்கண்ணே?" என்று அவ என்னைக் கேட்டா. நானும் செயினுக்கு எண்ணெய் விடுகிறவன்தான். பெற்றோலால் கழுவி, அச்சுக்கு மெழுகுதிரி தேய்த்தேன். கிறீச்சும் போனது.

அதற்குப் பிறகு வந்த கரைச்சல் சனம். வருத்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள், வந்தால் சும்மாவும் இருக்கமாட்டார்கள். "பாவம், நான் போட்டுவிடுறன்" என்று ஆளாளுக்குக் கரண்டியை அமத்துவார்கள். போட்டுவிட்டு, தாங்களே விளையாடிவிட்டு, நிப்பாட்டாமல் போய்விடுவார்கள். பற்றரி இறங்கிவிடும். பேச்சியம்மா அதை மிளகாய்ப் பாயின் ஓரத்தில் வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்பா. அதிலும் அப்புத்துரை என்று ஒரு மனுசன், வயற்காரன். நாள் தவறாமல் வருவார், நாள் தவறாமல் அமத்துவார்.

வீரையா என்னிடம், "அண்ணே, ஒங்க கடையில செவப்பு ரிப்ளெக்டர் இருக்கா?" என்றான். சைக்கிளின் பின் மக்காட்டில் பூட்டுகிற சிவப்புக் கண்ணாடி. அதைப் பெட்டியின் நடுவில், கீழே சுருள் ஒன்று வைத்துப் பொருத்தச் சொன்னான். அமத்தினால் அழகாக இறங்கி எழும்.

"வயர் எங்கை குடுக்கிறது?"

"வயரே கெடயாது."

கரண்டிக்குப் பேச்சியம்மா கறுப்புத் துணி உறை ஒன்று தைத்துப் போட்டா. பார்க்கிறவனுக்கு அது கை வைக்கிற மெத்தை.

பின்னேரம் அப்புத்துரை வந்தார். கண் நேரே சிவப்புக்குப் போனது. "ஆ, புதுச் சுவிச்சோ? பொறு, நான் போட்டுவிடுறன்." அமத்தினார். திரும்ப அமத்தினார். பெட்டியைத் தட்டினார், அதில் காதை வைத்துப் பார்த்தார். "கணபதி, இது பழுதாப் போச்சுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கட்டிலைப் பார்த்து, "பாவம்" என்றார்.

வீரையாவின் மணிக்கட்டு எழுந்தது. உறையின் மேல் விழுந்தது. டிக். லைற் வரிசையாக ஓடியது. நடு ஓட்டையில் ஒரே அடியில் நிப்பாட்டினான்.

"என்னாங்க அப்புத்துரையய்யா, யாரு பாவம்?"

அப்புத்துரை சிவப்பையும் கறுப்பு உறையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியான கள்ளனடா நீ!" என்றார். அந்தச் சொல்லுக்கு வீரையா பூரித்ததை நான் பார்த்தேன். விழுந்த நாளிலிருந்து அவனை ஒருவரும் கள்ளன் என்று திட்டவில்லை. அதன்பிறகு புதிதாக வருகிறவர்களைச் சிவப்பை அமத்த விட்டுவிட்டு, கதவு மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பதே அப்புத்துரைக்கு வேலை. ரேடியோவுக்கும் அதே மாதிரிக் கரண்டிச் சுவிச்சு ஒன்று செய்தோம். தெருவில் போகும்போது பாட்டுக் கேட்டால், ஆர் போட்டது என்று எனக்குத் தெரியும்.

எண்பத்தெட்டு மாரியில் காய்ச்சல் பிடித்தது. முதுகுப் புண்ணும் ஆறவில்லை. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த ஒரு காலையில் உழவு மெசின் பின்னால் இழுக்கிற பெட்டியில் வைக்கோல் பரப்பி, பாய் போட்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். அவன் அங்கிருந்து திரும்பி வரவில்லை. அதை வைத்துத்தான் சனம் இன்றைக்கும் பாவம் என்கிறது. அன்று அவனை ஏற்றும்போது நானும் ஏறிப் பக்கத்தில் நின்றேன். பேச்சியம்மா மற்றப் பக்கம் ஏறிக் குடை பிடித்தா. நான் விளையாட்டுப் பெட்டியை அவன் இடது கையில் வாரால் கட்டினேன். வழியில் பொழுது போகட்டும் என்று என் விரல் தன்பாட்டில் கரண்டிப் பக்கம் போனது. அவன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, போட்டுவிட்டுறாதீங்க. என் கையத் தூக்கி அதுக்கு மேல வச்சிட்டு எறங்குங்க. நானே போட்டுக்கிறேன்."