பீரோவுக்குள் பூட்டப்பட்ட வைஃபை பெட்டி குறித்து

குற்றச்சாட்டு: வளப்பூர் நாட்டில் வசிக்கும் திருமதி மாராயி அவர்கள், 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை மாலை, என் கம்ப்யூட்டரிலிருந்து படங்கள் நகலாகிக்கொண்டிருந்தபோதே, பொது ஹார்ட் டிஸ்க் இருக்கும் தம் இரும்பு பீரோவின் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இதை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். நான் அறிந்ததை நடுநிலையுடன் சொல்கிறேன்.

மாராயி பிறந்தது இதே மலையில், நாடு என்று நாங்கள் சொல்லும் ஊர்த்தொகுதிகளில் இன்னொன்றான குண்டனி நாட்டில். அப்பாசாமி என்பவரை மணந்து இங்கு வந்தார். மிளகும் குச்சிக்கிழங்கும் பயிரிட்டார்கள். 1998 கோடையில் இருவரும் காட்டில் இருந்தபோது அவர்களுடைய கூரை வீடு எரிந்தது. கல்யாணப் புடவை, ரேஷன் கார்டு, நிலப் பட்டா, கல்யாணத்தன்று எடுத்த ஒரே புகைப்படம் எல்லாம் போயின. பல வருடம் அலைந்து பட்டாவைத் திரும்ப வாங்கினார்கள். புகைப்படத்தைத் திரும்பத் தரும் ஆபீஸ் எதுவும் இல்லை.

மிளகு நன்றாக விளைந்த முதல் வருடத்தில் அப்பாசாமி மோட்டார் வாங்கலாம் என்றார். மாராயி பீரோ வாங்கினார். லாரி வந்தது ரோடு முடியும் இடம்வரைதான். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நான்கு பேர் மூங்கில் கட்டிச் சுமந்தோம். என் இடது தோளில் அதன் அடையாளம் இன்றும் இருக்கிறது; அதற்காக நான் எந்தப் புகாரும் அளித்ததில்லை. பின்னால் சாவியுடன் வந்த மாராயி, இறக்கி வைத்த இடத்திலெல்லாம் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"வெறும் பீரோதானுங்க அக்கா, எதுக்குப் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பழகட்டும் தம்பி" என்றார்.

இனி என் தரப்பு. நான் குணசேகரன். இவ்வூரில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கம்ப்யூட்டரை யாரிடமும் படிக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். 2006 முதல் மூன்று நாடுகளின் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். 2019இல் இடி விழுந்து முதல் கம்ப்யூட்டர் கருகியது. சி.டி.யில் எழுதி வைத்தவை தப்பி, புதிய கம்ப்யூட்டரில் ஏறின. பிறகு அந்த சி.டி.களும் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்தன. நகல் வேறொரு வீட்டில் இருக்க வேண்டும் என்பதை அப்போது முடிவு செய்தேன்.

மாராயியின் மருமகள் சத்யா மகளிர் குழுக் கணக்கை லேப்டாப்பில் எழுதுபவர். சென்ற டிசம்பரில் நாங்கள் இருவரும் சேர்ந்து, ஹார்ட் டிஸ்க்கும் வைஃபையும் ஒன்றாக உள்ள பெட்டி ஒன்றை வாங்கினோம். மிளகுத் தோட்டத்துக்கு அந்தப்பக்கம் உள்ள மாராயியின் கான்கிரீட் கூரை போட்ட தார்ஸ் வீட்டில், ஜன்னலோர மேசையில் வைத்தேன். கம்பியில்லாமலே இரு கம்ப்யூட்டர்களும் தாமாக நகலெடுத்தன. பழைய வருடங்களிலிருந்து வரிசையாகப் படங்கள் போய்ச் சேரத் தொடங்கின.

ஜனவரி 3 அன்று மாராயிக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். நகல் என்னிடம் உள்ளது. "இப்பெட்டிக்கு ஊரார் எல்லோருடைய படங்களும் வரவுள்ளன. நூறு நாள் வேலை அட்டைக்காக 2009இல் நான் எடுத்த, காலஞ்சென்ற தங்கள் கணவரின் ஒரே படமும் வரும். பத்திரமாகப் பாதுகாக்கவும்." சத்யா படித்துக் காட்டினார்.

மறுநாளே என் தொடர்பு நின்றது. சத்யாவின் லேப்டாப் வழக்கம்போல் இயங்கியதால் பெட்டியில் குறையில்லை என்று முடிவு செய்தேன். இடையில் இருப்பவை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் இலைதான் தடை என்று எழுதினேன். பதில் இல்லை. பிப்ரவரியில் என் கம்ப்யூட்டரின் டிஸ்க் கரகரக்கத் தொடங்கியது. பார்த்த மெக்கானிக், எந்த நாளும் நின்றுவிடலாம், அணைக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது என்றார். மீண்டும் எழுதினேன்.

மாராயி பலாப்பழத்துடன் நேரில் வந்தார். "ஏந்தம்பி, எதுத்தாப்புல இருக்கற ஆளுக்கு எதுக்குங்க லெட்டரு? வாய்க்கு என்ன வந்துச்சு?"

"பெட்டி எப்படி இருக்குதுங்க அக்கா?"

"அது பத்திரமா இருக்குது சாமி."

மார்ச் கடைசியில் செல்வம் என்பவரை மரம் ஏற்றி, கிளைகளைக் கழிக்கச் செய்தார். கோடை மழைக்குப் பின் செய்ய வேண்டிய வேலை அது. வெயில் நேராக இறங்கி மிளகுக்கொடிகள் வாடின. எனக்காகச் செய்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். தொடர்பு மட்டும் வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் வீட்டுக்குள் சென்றேன். மேசை காலியாக இருந்தது.

"பெட்டி எங்கீங்க?"

"நீங்கதான பத்திரமா வெக்கச் சொன்னீங்க" என்று பீரோவைத் திறந்தார். பட்டா உறைக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவில், மடித்த துண்டின்மேல், குங்குமப் பொட்டுடன் பெட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. ஒயர் கதவிடுக்கு வழியாக வந்திருந்தது. கதவு திறந்ததும் என் போனில் சிக்னல் நிறைந்தது.

"எனக்கு வேலை செஞ்சுதுங்கண்ணா, அதான் கேட்டுக்கல" என்றார் சத்யா. அதே அறையில் இருந்ததால் அவருக்குக் கசிந்தது போதுமானதாக இருந்திருக்கிறது.

இரும்பு வைஃபையை விடாது என்று விளக்கினேன்.

"நெருப்பையே விடாதுன்னுதான வாங்குனேன்" என்றார் மாராயி.

"மேசை மேல வெச்சிருங்க அக்கா."

"மேசை எரியும்."

தாம் எதிரில் உட்கார்ந்திருக்கும்வரை கதவைத் திறந்துவைப்பதாக ஒப்புக்கொண்டார். தினமும் மாலையில் காய்ந்த மிளகில் காம்பு பொறுக்கியபடி உட்கார்ந்தார். "அவரு வந்துட்டாரா கண்ணு?" என்று சத்யாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 12 மாலை 2009 வந்து சேர்ந்தது. சத்யா லேப்டாப்பில் படத்தைத் திறந்தார். நான் உடன் இருந்தேன். மாராயி வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கறது ஒரே போட்டோ. அதுலயும் தூங்கறாரு பாரு."

"வெயிலுக்குக் கண்ணச் சுருக்கிட்டாருங்க அத்தை."

"எனக்குத் தெரியாதா, தூங்கறாரு." எழுந்து பீரோவைச் சாத்திப் பூட்டினார். "வந்தவரு உள்ளயே இருக்கட்டும்."

"மத்தவங்க எல்லாம் வெளிய நிக்கறாங்களே அக்கா" என்றேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். மறுநாளான இன்று மாலை அவர் ஊருக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். பீரோவின் முன் உட்காரவில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் குண்டனி நாட்டுக்கு, அண்ணன் வீட்டு நோம்பித் திருவிழாவுக்குப் போகிறார். வர ஒரு வாரம் ஆகும். சாவியும் உடன் போகிறது. நான் சொல்லிவைத்த புதிய டிஸ்க் அதற்குப் பிறகுதான் மலையேறும். 2010 முதல் இன்றுவரை நான் எடுத்த எல்லோரும், உயிரோடு இருப்பவர்களும் இல்லாதவர்களும், கரகரக்கும் ஒரு டிஸ்க்கில் இருக்கிறார்கள். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது.

ஆகவே, பஸ் ஏறுவதற்கு முன் சாவியைச் சத்யாவிடம் ஒப்படைத்து, பீரோவின் எதிரில் அவரை உட்காரவைக்கச் சம்மதிப்பாரா என்பதை மாராயி அவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கோருகிறேன். சத்யா எழுதி, மாராயி கையெழுத்திட்டால் போதும். பலாப்பழம் பதிலாக ஏற்கப்படாது.