பாலும் பழமும் இறங்காத நாள்

இராசமலர் விரதம் இருந்தால் எங்கள் லின்ஃபீல்ட் பகுதித் தமிழருக்கெல்லாம் தெரிந்துவிடும். அவளே போன் போட்டுச் சொல்வாள். "இண்டைக்கு எனக்குப் பாலும் பழமும்தான்." குரலில் ஒரு மிதப்பு இருக்கும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவளுக்கு வேலை மவுண்ட் வெல்லிங்டனில், ஒரு முதியோர் இல்லத்தின் துணி தோய்க்கும் லோண்டரியில். கூட வேலை செய்பவள் ஹன்னா, யூதப் பெண். குளிர்காலத்தில் ஒருநாள் அங்கிருந்த கிழவர் ஒருவரின் கம்பளிச் சட்டையை இராசமலர் சுடுநீரில் போட்டுவிட்டாள். அது குழந்தைச் சட்டையளவுக்குச் சுருங்கிப்போனது. ஹன்னாதான் கெடுத்தாள் என்று நினைத்து மனேஜர் எல்லார் முன்னாலும் அவளை ஏசினார். இராசமலர் வாயே திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை விரதமிருந்து, முருகனுக்கு அர்ச்சனையும் செய்து, விஷயம் முடிந்ததென்று இருந்துவிட்டாள். எவ்வளவு வசதி!

செப்டம்பரில் ஒரு பின்னேரம், வேலை முடிந்ததும் ஹன்னா அவள் கையைப் பிடித்தாள்.

"பொழுது பட்டால் எங்கள் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் விரதம் தொடங்குது. நாளைக்கு இருட்டும்வரை தண்ணீர்கூட இல்லை. அதுக்கு முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேணும்."

"என்னட்டையோ? கடவுளிட்டக் கேட்டால் போதாதோ?"

"மனுசருக்குச் செய்த பிழையை அந்த மனுசரிடம்தான் கேட்கவேணும். அந்தச் சட்டையைக் கெடுத்தது நீதான் என்று மனதுக்குள் சந்தேகப்பட்டேன். என்னை மன்னிச்சுக்கொள்."

"பரவாயில்லை," என்றது இராசமலரின் வாய். செய்தவளே மன்னிப்பும் வழங்கிய கூத்து! ஹன்னா நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இவளுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"நீ நினைச்சது சரி. நான்தான்."

ஹன்னா கார் எஞ்சினை நிறுத்தினாள். பிறகு கேட்டாள், "மனேஜரிடம் சொன்னாயா?"

"இல்லை."

"சொல்லிவிட்டு வா. நிற்கிறேன்."

மனேஜரின் அறையில் நெடுநேரம் ஏச்சு வாங்கிக்கொண்டு முகம் வீங்கித் திரும்பியபோதும் ஹன்னா காரிலேயே இருந்தாள். வெயில் கூரைக்கு இறங்கிவிட்டது. "மன்னிச்சேன்," என்று சொல்லி அவசரமாகக் காரை எடுத்தாள். விரதத்துக்கு முன் வீட்டார் சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு அவளுக்குத் தவறிப்போயிற்று என்பது கார் போன பிறகுதான் இவளுக்கு உறைத்தது.

மறுநாள் விரதமிருந்த இராசமலருக்குப் பாலும் இறங்கவில்லை, பழமும் இறங்கவில்லை. அன்று அவள் யாருக்கும் போன் போடவில்லை. எனக்கே தைப்பூசம் கழிந்துதான் சொன்னாள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.