நம்ம இடது

திரை பாதியில் நின்றது. அவள் கயிற்றைத் தளர்த்தி மறுபடி இழுத்தாள். விரல் நீளமுள்ள சிவப்புத் துணி மேடையின் நடுவரை வழுக்கி வந்து அங்கேயே நின்றது. மூன்றாவது முறையும் அப்படித்தான். மூன்று முறைதான் விதி. கயிற்றை விட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தாள். நாற்பத்தொன்றாம் படிக்கு நேரே 'பொருந்தவில்லை' என்று எழுதினாள்.

மேசைமேல் இருந்தது ஒரு பொம்மை நாடக மேடை. முந்நூற்று எண்பத்தாறு பிளாஸ்டிக் துண்டுகள். சேர்த்தால் ஒன்றரைச் சாண் அகலத்தில் மேடை, சுழலும் தளம், இரண்டு பக்கச் சுவர்கள், ஐந்து விளக்குகள், ஆறு நடிகர்கள். எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் குறிப்பேட்டுக்கு இன்னும் படம் வரைந்தாகவில்லை. தட்டச்சு செய்த வரிகள் மட்டும் இருந்தன.

பொம்மைத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் அவள் வேலை இதுதான். புதுப்பெட்டி எதுவும் அவள் மேசைக்கு வந்துபோன பிறகுதான் துண்டுகளை வார்க்கும் அச்சு செய்யப் போகும். பெட்டியைப் பிரிப்பாள். துண்டுகளை எண்ணுவாள். குறிப்பேட்டில் உள்ளதை முதல் படியிலிருந்து அப்படியே செய்வாள். பொம்மையை வடிவமைத்த வரைவுக்காரனிடம் சந்தேகம் கேட்கக் கூடாது. வீட்டில் பெட்டியைப் பிரிக்கிற குழந்தை யாரிடம் போய்க் கேட்கும்? இதில் பத்தொன்பது வருஷம். அதற்கு முன் ஆறு வருஷம் கீழே பேக்கிங்கில். அங்கே மூடின பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே ஒரு சக்கரம் குறைகிறது என்பாள். பிரித்தால் குறைந்திருக்கும். அதனால்தான் மேலே அழைத்துக்கொண்டார்கள். அவள் எழுதிய அறிக்கை எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. பெயர் சொல்லி அழைப்பதை எல்லாரும் மறந்து, 'கறார்' என்றே ஆகிவிட்டது.

பிரிவுத் தலைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"கறாரம்மா, என்ன சொல்லுது நம்ம மேடை?"

"திரை மூடலை சார்."

"கொஞ்சம்கூடவா?"

"பாதி மூடுது. மீதி மூட மாட்டேங்குது."

அவர் குனிந்து மேடைக்குள் எட்டிப் பார்த்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு மேலிடத்துக்கு அனுப்பணும். இதுவும் தீயணைப்பு வண்டியும். ஏதாவது ஒண்ணுக்குத்தான் அச்சு. வண்டி தேறிடுச்சு. இது விழுந்தா விழுந்ததுதான், மறுபடி எடுக்க மாட்டாங்க. 'சிறு திருத்தத்துடன்'னு ஒரு வார்த்தை போடலாமே?"

"திரை மூடாட்டி நாடகம் எப்ப சார் முடியும்? பார்க்க வந்தவங்க வீட்டுக்குப் போக வேண்டாமா?"

அவர் சிரித்துவிட்டார். "இதை அந்த வரைவுக்காரன்கிட்ட நீங்களே சொல்லுங்க. ஒன்றரை வருஷமா இதைக் கட்டிக்கிட்டு அழறான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். காலையில் பெட்டியைப் பிரித்து அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்ததிலிருந்தே இது தேற வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. எந்தப் பெட்டிக்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. அதனாலேயே ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை பார்த்தாள். ஆசைப்பட்ட பெட்டி என்று ஒரு மயிரிழை விட்டுக்கொடுத்தாலும் அப்புறம் தன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

மாடிப்படியில் வரைவுக்காரன் நின்றிருந்தான். அவன் கேட்கக் கூடாது, அவள் சொல்லக் கூடாது.

"அக்கா, சும்மா ஒண்ணே ஒண்ணு. தளம் சுத்துச்சா?"

"தளம் நல்லா சுத்துது" என்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்காமல் கீழே இறங்கினாள்.

வீட்டில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். விடிகாலைப் பேருந்து ஓட்டுபவர். ஏழு மணிக்கு அக்காவின் போன் வந்தது. வேறு ஊரில் இருக்கும் அக்கா தினமும் அந்நேரம் அழைப்பாள். பேச ஒன்றுமில்லாத நாளில் அரை மணி நேரம் பேசுவாள்.

"இன்னிக்கு எந்தப் பொம்மை கழுத்தைத் திருகினே?"

"மேடைக்கா. நாடக மேடை."

"மேடையா! எத்தனை பேரு?"

"ஆறு பேரு."

"பணக்காரக் கம்பெனிதான். நம்மகிட்ட நாலு பேரு, ஒன்பது வேஷம். கதாநாயகி இருக்காளா?"

"இருக்கா. மஞ்சப் பாவாடை."

"என்னைவிட அழகா?"

"உன்னைவிட ஒல்லி."

"போடி இவளே. பின்னாலேருந்து வசனம் எடுத்துக் குடுக்க ஆளு?"

"அதை யாரு செய்வா? வெளிய தெரியாதே."

அக்கா சிரித்தாள்.

அவர்கள் அப்பா பகலில் கணக்கு நோட்டு, பேனா விற்கிற கடை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் நாடகக் குழு. பூப்பந்தாட்டக் கூடத்தை ஆறு மணிக்கு மேல் விடுவார்கள். வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டினால் மேடை. திரை என்பது நாலு போர்வை. மழைக்காலத்தில் ஈரம் காயாமல் நாய்க்குட்டி வாசம் அடிக்கும். அக்கா மேடையில். இவள் பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலியில், டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றி, மடியில் வசன நோட்டோடு. பதினாலு வயதிலிருந்து இருபத்துமூன்று வரை. அக்கா ஒரு சொல்லைத் தேடுகிறாள் என்பது அவள் கழுத்து நரம்பிலேயே தெரியும். வாய் திறக்கும் முன் இவள் கொடுத்துவிடுவாள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாடகத்தையும் இவள் முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. அக்கா அழுகிற காட்சியில் ஜனங்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்கும். இவளுக்குத் தெரிவது அக்காவின் காதும், பின்னலில் தொங்கும் ஊக்கும்தான். திரையை இழுத்ததும் அக்கா ஓடி வந்து, வியர்வையோடு இவள்மேல் விழுவாள். "எங்கடி விட்டேன்?" என்பாள். "எங்கயும் விடலை" என்பாள் இவள். பொய்தான். அப்பா போனபின் குழு கலைந்தது. கூடத்தில் இப்போது தரை ஓடு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

"சரி, தேறிச்சா?" என்றாள் அக்கா.

"இல்லைக்கா. திரை மூட மாட்டேங்குது."

"ஐயையோ. ஏன்?"

"இடது பக்கச் சுவரை நிறுத்தி, அதுமேல கப்பியை மாட்டணும்னு போட்டிருக்கு. அப்படியேதான் பண்ணினேன். கயிறு போய்ச் சிக்குது."

"எந்த இடது? நம்ம இடதா, ஜனங்க இடதா?"

இவள் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி, லைன் கட்டாயிடுச்சா?"

முதல் ஒத்திகையில் அப்பா கீழே நின்று "இடது பக்கம் வா" என்று கத்தினார். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் போய் மோதிக்கொண்டு, தபால்காரர் வேஷம் கட்டினவருக்கு நெற்றி புடைத்தது. அன்றைக்கு அப்பா முடிவு செய்துவிட்டார். மேடையில் நின்று ஜனங்களைப் பார்ப்பவனுக்கு எது இடதோ அதுதான் இடது. அது நம்ம இடது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வலது. அவர்களுடையது ஜனங்க இடது. "பார்க்கிறவன் உட்கார்ந்துதானே இருக்கான்? நடக்கப்போறவன் நீ" என்பார். வீட்டிலும் அப்படியே பழகிப்போனது. சாவி நம்ம இடது அலமாரியில் என்பார்கள்.

மேசையில் மேடை எப்படி இருந்தது என்று இவள் நினைத்துப் பார்த்தாள். அதன் முதுகு இவளைப் பார்த்து இருந்தது. முதல் துண்டிலிருந்தே அப்படித்தான். நடிகர்களைக்கூடத் தனக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தாள். ஒரு தடவையும் அது விசித்திரமாகப் படவில்லை.

"அக்கா, நான் பின்னாடி உட்கார்ந்து கட்டியிருக்கேன்."

"பின்ன? நீ என்னிக்கு முன்னாடி உட்கார்ந்தே?"

"ரெண்டு சுவரும் மாறிப் போச்சு. பெட்டியில தப்பு இல்லை. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"போய் வாங்கி அழிச்சுடு."

"அழிக்க முடியாது. 'தவறு என்னுடையது'ன்னு தனித்தாள் எழுதணும். பத்தொன்பது வருஷமா அப்படி ஒரு தாள் எழுதினதில்லை."

"எழுதலைன்னா?"

"மேடை போயிடும். வண்டிக்கு அச்சு போட்டுருவாங்க."

"யாருக்காவது தெரியுமா, தப்பு உன்னோடதுன்னு?"

"உனக்கும் எனக்கும்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நான் எத்தனை தப்பு பண்ணியிருக்கேன் மேடையில. ஊரே உட்கார்ந்து பார்த்துச்சு. செத்தா போயிட்டேன்? உனக்கு ஒரே ஒரு தாளு. கறாராம் கறார்."

"உனக்கென்ன, நான் எடுத்துக் குடுத்தேன்."

"அதான் இப்ப நான் எடுத்துக் குடுக்கிறேன். எழுதுடி."

மறுநாள் எட்டு மணிக்கே போனாள். மேடையைத் திருப்பி வைத்து இரண்டு சுவர்களையும் மாற்றினாள். பதினோரு நிமிடம் ஆயிற்று. திரை மூன்று முறையும் முழுக்க மூடியது. தனித்தாளில் தவறு தன்னுடையது என்று எழுதினாள். நாற்பத்தொன்றாம் படியில் 'முன்னால் இருந்து பார்க்கும்போது' என்று சேர்க்கச் சொல்லியும் எழுதினாள். பிரிவுத் தலைவர் படித்துவிட்டு, முதல் வரியைத் தொட்டு, "இது வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றாள். பத்து மணிக்குப் படிவமும் தனித்தாளும் மேலிடத்துக்குப் போயின. ஒரு மணிக்குச் செய்தி வந்தது. அச்சு மேடைக்கு. இனி எந்தப் பெட்டியையும் இருவர் தனித்தனியாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒருவர் கையெழுத்து மட்டும் செல்லாது என்று ஓர் உத்தரவும் வந்தது. வரைவுக்காரன் வந்து, தான்தான் தெளிவாக எழுதவில்லை என்றான். "ஆமா, நீயும்தான்" என்றாள். மூன்று மணிக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டார்கள். பேக்கிங்கிலிருந்து ஒருத்தி வந்து அதில் உட்கார்ந்தாள். அடுத்த பெட்டி ஒரு பாலம். இருநூற்றுப் பத்துத் துண்டுகள். இவள் எண்ணி முடித்து அந்தப் பக்கம் தள்ளினாள். அவள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.