மலையைச் சுற்றி ஒரு விளம்பரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில் நடந்தது இது. சமையலறையில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கட்டடத்திலேயே அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அதனால் மடிக்கணினியும் நானும் அங்கேதான் கிடப்போம், வெங்காயத் தோலுக்கு நடுவில்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் முதுகலைப் படிப்பு அப்போது எனக்குக் கடைசிக் கட்டத்தில் இருந்தது. படிப்போடு வேலை அனுபவமும் வேண்டும் என்பது அதன் விதி. ஏதாவது ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, நிஜமான விளம்பரங்களைச் செல்போனில் ஓடவிட்டு, அதனால் என்ன பலன் கிடைத்தது என்று காட்டினால்தான் பட்டம். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் என் அப்பாவுக்கு இது கடைசி வரை புரியவில்லை. "விளம்பரம் போடறதுக்கு ஒரு படிப்பா? நான் மல்லாட்ட விக்கறதுக்கு எந்தக் காலேஜுக்குப் போனேன்?" என்பார். எங்கள் தெருவில் எல்லோரும் நான் ஏதோ செல்போன் ரிப்பேர் படிக்கிறேன் என்று நினைத்து, உடைந்த போனையெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

விடுதிக்காரர் அந்த ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் பாய். நல்ல மனுஷர், ஆனால் எதையும் லேசில் நம்பமாட்டார். "இன்னாமா, உன் விளம்பரத்தால கூட்டம் ஜாஸ்தியா வருதா, இல்ல பௌர்ணமியால வருதா?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் போவார்.

அப்படி ஒரு காலையில்தான் ஓர் அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குடியாத்தம் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படம். மீசை வைத்த ஒருவர், தனியார் பஸ் டிரைவரின் காக்கிச் சட்டையில், சிரிக்கலாமா வேண்டாமா என்கிற முகத்தோடு நின்றிருந்தார். "இவரு எப்பனா இங்க வந்து தங்கினாராம்மா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் இப்படிப் படத்தோடு வருவது புதிதல்ல. வீட்டை விட்டு வந்து காவி கட்டி மலையடிவாரத்தில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடி வருகிறவர்களும் அதே அளவுக்கு உண்டு. படத்தைப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டு "இல்லீங்களே" என்று சொல்வது அங்கே விடுதி வேலையில் ஒரு பழக்கம். நானும் அதையே சொன்னேன். அவர் போகவில்லை. "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா பாப்பா?" என்று கேட்டு, சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதையைச் சொன்னார். வீட்டுக்காரர் ஒருநாள் மத்தியானம் பஸ்ஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தானாம். கடன் இல்லை, குடி இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. வருஷக்கணக்கில் தேடிய பிறகு, கிரிவலம் வந்த சொந்தக்காரர் ஒருவர் அவரை இங்கே காவியில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இந்த அக்கா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வந்து, மலையைச் சுற்றி வழி நெடுக உட்கார்ந்திருக்கும் சாமியார்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவாராம்.

"எல்லா மூஞ்சும் தாடியா இருக்குது. கண்ண மட்டும் வெச்சித் தேடறேன். குனிஞ்சி குனிஞ்சி பாக்கறேன்னு சில பேரு திட்டறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஊர்ல கல்யாணத்துக்கு அழைக்க வர்றவங்க வாசல்ல நின்னு யோசிக்கறாங்கம்மா, எனக்குக் குங்குமம் குடுக்கறதா வேணாமான்னு. எனக்கே தெரியல, அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு உயிரோட இருக்காரான்னாவது தெரியணும். இருந்தா வூட்டுக்குக் கூட்டிக்கினு போவணும்" என்றார்.

அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதே நேரத்தில், மறைக்காமல் சொல்கிறேன், எனக்குள் இருந்த மாணவிக்குச் சிறகு முளைத்தது. எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. வரைபடத்தில் ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்களின் போனில் மட்டும் விளம்பரம் வரும். விடுதி அறைகளுக்காக நான் தினமும் போடும் வட்டம்தான். அதையே மலையைச் சுற்றிப் போட்டு, இந்தப் படத்தை ஓடவிட்டால் என்ன?

பாய் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சாமியாருங்க கைல ஏதும்மா போனு?"

"அவங்க கைல இல்லாட்டி பரவால்ல பாய். டீக்கடைக்காரர் கைல இருக்குது, பூ விக்கறவங்க, ஆட்டோக்காரர், அன்னதானம் போடறவங்க எல்லார் கைலயும் இருக்குது. அவங்க தினம் பாக்கற மூஞ்சிதானே?"

பாய் சிரிப்பதை நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். பிறகு பின்கட்டில் காலியாக இருந்த ஓர் அறையைத் திறந்துவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயிற்சி விளம்பரங்களுக்காகக் கல்லூரி கொடுத்திருந்த தொகை என்னிடம் மிச்சமிருந்தது. அதைக் கொண்டு அன்றைக்கே ஆரம்பித்தேன்.

வாசகம் எழுதத்தான் நேரம் பிடித்தது. யார் வேண்டுமோ அவரிடமே நேராகப் பேசு என்பது எங்கள் படிப்பின் பாலபாடம். அதனால் அக்காவிடமே கேட்டேன், அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்று. காலையிலிருந்து அவர் வீட்டுக்காரரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன் என்றார். பிறகு, "சட்ட போட்டிருக்காரோ இன்னாவோ" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உங்க மேல யாருக்கும் கோவமில்ல, வூட்டுக்கு வாங்கன்னு போடும்மா" என்றார்.

"அப்ப காலைலேர்ந்து திட்டினது?"

"அது உன்கிட்ட சொன்னது. இது அவருக்கு."

அந்த வாசகத்தையே போட்டேன். கீழே விடுதியின் போன் நம்பர். அந்தப் போன் என் கையில்தான் இருக்கும்.

பௌர்ணமிக் கூட்டம் வந்து போனது. விளம்பரம் காட்டுத்தீ மாதிரி பரவியது. அழைப்புகள் வந்தன. பாதிப் பேர் ரூம் இருக்கிறதா என்று கேட்டார்கள். சிலர் நல்லபடியாகக் கிடைப்பார் என்று ஆறுதல் சொன்னார்கள். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொல்ல, நானும் அக்காவும் மழையில் ஆட்டோ பிடித்து ஓடினோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் வேறு யாரோ. அக்கா குனிந்து கண்ணைப் பார்த்ததும், "நான் இல்லம்மா" என்று அந்த மனுஷரே மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா படத்தின் பிளாஸ்டிக் உறையில் இருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவரைத் தேற்றுவதற்காக நான் மடிக்கணினியைத் திறந்து, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினேன். எண்ணிக்கையைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. என் படிப்பில் அப்படி ஒரு கோட்டை நான் வரைந்ததே இல்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இத்தன பேரு பாத்தாங்களா! அவரு பாத்தாரா?" என்று கேட்டார்.

நான் மடிக்கணினியை மூடினேன்.

சும்மா உட்கார அக்காவுக்குப் பிடிக்காது. சமையலறையில் காய் நறுக்குவார், பாத்திரம் தேய்க்காதீர்கள் என்றாலும் கேட்கமாட்டார். அன்றைக்கு மத்தியானமும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில். போன் அடித்தது. யார் என்ன சொன்னாலும் குறித்துக்கொள்வதற்காக ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"அம்மா, அந்தப் போட்டோவ எடுத்துடுங்கம்மா" என்றது ஓர் ஆண் குரல்.

யாரோ புகார் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். "ஏங்க, உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன்.

"போற எடத்துல எல்லாம் போன எடுத்துக் காட்டறாங்க. சோத்து வரிசைல நிக்க முடில. நீதானே, நீதானேன்னு கேக்கறாங்க. எடுத்துடுங்கம்மா, புண்ணியமாப் போவும்."

நான் நிமிர்ந்தேன். அக்காவின் கை கீரையோடு அப்படியே நின்றிருந்தது. அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அதில் சந்தோஷமும் இருந்தது, யாரோ அடித்த மாதிரியும் இருந்தது. கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவர்தான். நான் அவசரமாகப் போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். நான் மறுபடியும் நீட்டினேன். அவர் சுவரோடு சுவராக நகர்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா? இருக்கீங்களா?" என்றது குரல்.

அப்போது அக்கா வலது கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். சாப்பிட்டாரா என்று கேள்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ யாரோ டீ ஆற்றும் சத்தமும்.

"ம்... சாப்ட்டேன்" என்றார். பிறகு, குரல் இறங்கி, "யாரு கேக்கச் சொன்னாங்கம்மா?"

அக்கா என்னைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார். வேண்டாம், சொல்லாதே என்று.

"யாருமில்லீங்க. நான்தான் கேட்டேன்."

"எடுத்துடுங்கம்மா. நான் பாட்டுக்கு இங்க இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் குதித்து எழுந்தேன். "அக்கா, நம்பர் இருக்கு! டீ ஆத்தற சத்தம் கேட்டுச்சே, டீக்கடை நம்பராத்தான் இருக்கும். இப்ப கூப்ட்டா எந்தக் கடைன்னு சொல்லிடுவாங்க. ஆட்டோல போனா புடிச்சிடலாம், வாங்க!"

அவர் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"போனா இன்னா ஆவும் பாப்பா? நான் நிக்கறதப் பாத்தா இந்த ஊர வுட்டும் போயிடுவாரு. போட்டோவுக்கே இப்படி நடுங்கறாரு. அப்புறம் எந்த ஊர்னு தேடுவேன்? இங்கன்னா வேளைக்குச் சோறு போடறாங்க. இங்கயே இருக்கட்டும்."

"பதிமூணு வயசுலேர்ந்தே அவரு குரல எனக்குத் தெரியும், மாமன் மவன்தானே" என்று சொல்ல ஆரம்பித்த அக்கா முடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அழுதார். சத்தம் போட்டு, வாய்விட்டு. நானும் அழுதேன். சத்தம் கேட்டு வந்த பாய் வாசலிலேயே நின்று, விஷயத்தைக் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்த பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துடும்மா, பாவம்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளம்பரத்தை நிறுத்தினேன். ஒரே ஒரு பொத்தான்தான். அதை அழுத்த எனக்கு மனசே வரவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவரோடு போனேன். ஊரில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "இருக்காரு, வெளியூர்ல வேலன்னு சொல்லுவேன். பொய்யில்லியே?" என்றார். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்போது வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"தேடிக்கினு இருந்தப்ப பௌர்ணமி வந்தா ஒரு வேல இருந்துச்சி பாப்பா. இனிமே வரக்கூடாதில்ல? அன்னிக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

இந்த விளம்பரத்தை நான் கல்லூரி அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் வகுப்பிலேயே முதலில் வந்திருப்பேன். ஒரே ஒரு மனிதருக்காகப் போட்ட விளம்பரம். அந்த மனிதர் பார்த்தார். கொடுத்த நம்பருக்குக் கூப்பிடவும் செய்தார். இதற்கு மேல் ஒரு பலனை எந்தப் பாடப்புத்தகமும் கேட்காது. ஆனால் பலன் என்று தலைப்புப் போட்டு அதற்குக் கீழே அந்த மத்தியானத்தை எழுத என் கை வரவில்லை. விடுதி அறைகளைப் பற்றி எழுதிக் கொடுத்து, சுமாரான மதிப்பெண்ணில் பாஸ் செய்தேன்.

இப்போது சென்னையில் இதே வேலைதான் பார்க்கிறேன். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் அலுவலகத்தில் லீவு கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்கா ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். இருக்கிறாரா இல்லையா என்ற வேதனையிலிருந்து அவரை நான் விடுவித்தேனா, இல்லை மாதத்தில் ஒரு நாளாவது அவருக்கிருந்த நம்பிக்கையைப் பறித்துவிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.