கன்னியம்மன் இடத்தில் வைத்த குழாய்

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. தெருவில் யாராவது "தம்பி" என்று உரக்கக் கூப்பிட்டால் என் மனம் இன்றைக்கும் ஒரு கணம் ஏமாந்துபோகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

மானாம்பதியில் எங்களோடு பிறந்தவர், இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மாமா இளவயதிலேயே கண்மூடிவிட்டார். பிள்ளை இல்லை. இருந்த கொஞ்ச நிலத்தில் தானே இறங்கிப் பயிர் வைத்தார். "தனியா கஷ்டப்படாதக்கா, மானாம்பதிக்கே வந்துடு" என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், "வந்துட்டா சங்கத்த யாரு பாக்கறது?" என்பார்.

சங்கம் என்றால் தெரு நலச்சங்கம். அதில் அவருக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. கூட்டம் என்றால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஆட்களை இழுத்துவருவார். ஒருவர் குறைந்தாலும் பேச்சைத் தொடங்க விடமாட்டார். "அப்பறம் எனக்குத் தெரியாதும்பான். வரட்டும் இரு."

ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பில் குழாய் கிடையாது. யார் வயலிலாவது மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துப் பெண்கள் குடத்தோடு அலைவார்கள். அவர்களுக்காக அக்கா உத்திரமேரூர் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் குழாய் வந்தது. குடியிருப்பின் நடுவே வேப்பமரத்தடியில் வைக்கலாம் என்று சங்கத்தில் முடிவானது. தண்ணீர் திறந்த அன்று அக்கா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தார்.

ஆனால் அந்தக் குழாயை யாரும் தொடவில்லை. அங்கே வசிக்கும் சரசுவிடம் அக்கா சண்டைக்கே போய்விட்டார். நானும் கூட இருந்தேன்.

"அந்த மரத்தாண்ட எங்க கன்னிம்மா குந்திக்கினு கீதும்மா. நாங்க செருப்பு போட்டுக்கினு கூட போவ மாட்டோம். அங்க போயி கொடம் கழுவ சொல்றியா?"

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"யாரு கேட்டாங்க?"

ஊரெல்லாம் கதவு தட்டிய அக்கா, அந்தக் குடியிருப்பில் ஒரு கதவையும் தட்டியிருக்கவில்லை. சங்கத்தில் வேறு ஒருவருக்கும் அது தோன்றவுமில்லை. அன்று அக்கா சாப்பிடவில்லை.

அடுத்த கூட்டத்துக்குச் சரசுவையும் மற்றவர்களையும் கையோடு அழைத்துவந்து முன்னால் உட்கார வைத்தார். குழாயை மாற்ற வேண்டும் என்றார். மாமாவின் பங்காளி ஒருவர் எழுந்தார்.

"இன்னா அண்ணி இது பேஜாரு! தண்ணி குடுத்ததே பெரிசு. இதுல எடம் வேற புடிக்கலியா?"

"உன் வூட்டாண்ட கொழா வெக்கும்போது உன்ன கேட்டுத்தானே வெச்சாங்க? அவங்கள மட்டும் ஏன் கேக்கல? நானுந்தான் கேக்கல. மானம் போவுது எனக்கு."

சரசு எழுந்து, பாதை திரும்பும் இடத்தைச் சொன்னார். அப்படியே முடிவானது. அக்கா மறுபடியும் உத்திரமேரூருக்கு அலைந்தார். அந்த அலைச்சலில் தன் உடம்பைக் கவனிக்கவில்லை. எங்களாலும் அவரைக் கட்டிப்போட முடியவில்லை. பள்ளம் தோண்டியதோடு வேலை நின்றிருந்த சமயத்தில் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம்.

சரசு பஸ் பிடித்துப் பார்க்க வந்தார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"தண்ணி வந்துச்சாடி?"

சரசு என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் காதருகே குனிந்தார். "வந்துடுச்சிம்மா. சும்மா ஜில்லுனு கீது. பசங்கோ ஒரே ஆட்டம்."

அக்கா சிரித்தார். மறுநாள் எங்களை விட்டுப் போய்விட்டார். ஐயோ, இன்னும் சில நாள் இருந்திருக்கக் கூடாதா!

கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அண்டை வீட்டாருக்கும், பாதியில் விட்ட வேலையை விடாமல் கேட்டு முடித்த சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

சரசுவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகு ஒருநாள், இடுப்பில் நிறைகுடத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் வாசலைத் தாண்டாதவர், யாரையும் கேட்காமல் உள்ளே நடந்து அக்காவின் படத்துக்கு முன்னால் குடத்தை இறக்கினார்.

"இன்னிக்கித்தாம்மா வந்துச்சி" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து அழுதார்.