கேன்சலா, இக்னோரா, சஸ்பெண்டா

நான் எதுவும் செய்யவில்லை என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையும்கூட. சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்கே இன்றைக்கும் படப்பை பஸ்ஸில் பின்னாலிருந்து யாராவது "தம்பி" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம். ஒரகடம் தாண்டி இருந்த ஒரு வண்டி உதிரிபாக ஆலையில், வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீசில் வேலை. அந்த வருஷம்தான் அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தது. ஆறு மாதம் டேட்டாபேஸ் படித்திருந்த ஒரே ஆள் நான்தான், வயது இருபத்திரண்டு. என்ன திமிர் எனக்கு! ஆலையில் ஏசி அறை இரண்டே இரண்டு. ஒன்று மேனேஜருக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. தூசி போகக்கூடாது என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். தொழிலாளிகள் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும்.

தகடு அடிக்கிற பிரஸ் லைனில் சேரப்பணஞ்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாய்க்காரர். ஒருநாள் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா தம்பி, செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள போறியே, பொட்டிக்குக் கற்பூரம் கிற்பூரம் காட்டுவியா?"

கேன்டீனே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் 'கம்ப்யூட்டர் பூசாரி' என்று பெயர். அதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனால் நான் பட்டேன். மனசுக்குள் கருவிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில் தினக்கூலிக்கு இருந்த கேஷுவல் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்குவதாக முடிவானது. யார் யார் போதுமான நாள் வேலை செய்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் கணக்கெடுத்துப் பட்டியல் தரவேண்டியது என் பொறுப்பு. புரோகிராமை நானே எழுதினேன். "தப்பே வராது சார்" என்று பர்சனல் ஆபீசரிடம் வீறாப்பாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை டீ நேரத்தில் அந்தப் பிரஸ் லைன்காரர் சன்னலுக்கு வந்தார். கேலியெல்லாம் இல்லை, முகம் வேறு மாதிரி இருந்தது. "தம்பி, என் நாளெல்லாம் சரியா கீதான்னு கொஞ்சம் பாரேன். வூட்ல தெனமும் கேட்டுக்கினே கீறாங்க."

அவருடைய டோக்கன் நம்பரை அடித்தேன். அவர் பெயர் வந்தது. திரை ஒரு நொடி நின்றது. 'டேட்டா டைப் மிஸ்மேட்ச்' என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே, அந்த மென்பொருள் எந்தப் பிழைக்கும் கேட்கிற வழக்கமான கேள்வி: 'கேன்சல், இக்னோர், ஆர் சஸ்பெண்ட்?'

புரோகிராம் பாதியில் நின்றுவிட்டது, அதை ரத்து செய்யவா, கண்டுகொள்ளாமல் மேலே போகவா, அப்படியே நிறுத்தி வைக்கவா என்று கேட்கிறது. கேள்வி என் புரோகிராமைப் பற்றியது. சன்னலில் நிற்கிற மனுஷனைப் பற்றியது அல்ல. ஆனால் மேலே அவருடைய பெயர், கீழே 'சஸ்பெண்ட்' என்ற சொல். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதவர்தான். நோட்டீஸ் போர்டில் பார்த்துப் பார்த்து அந்த ஒரு சொல் மட்டும் ஆலையில் எல்லாருக்கும் அத்துப்படி.

"சார்," என்றார். அதுவரை தம்பிதான் நான். "சஸ்பெண்டுனு போட்டுக்கீதே... என்னியா சார்?"

'உங்களை இல்லண்ணா, என் புரோகிராம்ல தப்பு.' இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். தப்பே வராது என்று அவரிடம் சொன்ன வாய் அது. கேன்டீன் சிரிப்பு வேறு காதில் கேட்டது. "பாத்துதான் சொல்லணும். நீ போய் வேலையைப் பாரு," என்றேன். மூத்தவரை 'நீ' என்றேன். என்ன பிழை என்று தேடுவதற்கு, புரோகிராமை நிறுத்தி வைக்கிற 'எஸ்' என்ற எழுத்தைத்தான் தட்ட வேண்டும். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தே, பார்க்கும்படியாகவே தட்டினேன்.

டீ ஆறுவதற்குள் பிழை கிடைத்துவிட்டது. இடையில் நின்றுவிட்டுத் திரும்பச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தனியாக நாலு வரி எழுதியிருந்தேன். அதில் ஒரு வரியில் தேதியோடு தேதியை ஒப்பிடாமல் தேதியோடு எழுத்தை ஒப்பிட்டிருந்தேன். அந்த வழியில் முதலில் மாட்டியவர் அவர். திருத்தி ஓட்டினேன். பட்டியலில் எட்டாவதாக அவர் பெயர் சுத்தமாக வந்து நின்றது.

பிரஸ் லைன் எவ்வளவு தூரம்? நடந்தால் இரண்டு நிமிஷம். போனேனா? ரெண்டு நாள் பயந்து கிடக்கட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆபீசர் சிரித்துக்கொண்டே வந்தார். "உன் கம்ப்யூட்டர் பெரிய ஆளுய்யா! பிரஸ் லைன் ஆள் ஒருத்தன், கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிருச்சுன்னு பயந்து தானா வந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். போன ஆடியில பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சுன்னு பாதி ஷிப்ட்ல ஓடிட்டானாம். அவனுக்குப் பதிலா வேற எவனோ கார்டு பஞ்ச் பண்ணியிருக்கான். எவன்டான்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

மேஜைமேல் இருந்த பட்டியலில் எட்டாவது பெயரைப் பார்த்தேன்.

"லிஸ்ட்லேர்ந்து அவன் பேரை எடு. திங்கட்கிழமை கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்."

"சார், அது வந்து..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

கேஷுவல் ஆளை யாரும் சஸ்பெண்ட் செய்வதில்லை. அந்தச் சொல் பர்மனென்ட் ஆட்களுக்கு. இவரிடம் நாளையிலிருந்து வராதே என்றால் போதும். தனக்குப் பொருந்தாத ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்துபோய் அந்த மனுஷன் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எட்டாவது பெயரை அழித்தேன். இந்த முறை திரையில் பிழை எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை யூனிபாரத்தையும் டோக்கனையும் ஒப்படைக்க அதே சன்னலுக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், அந்த விசயம் எனக்கும் இன்னோர்த்தனுக்கும்தான் தெரியும். என் பொண்டாட்டிக்கே தெரியாது," என்றார். கண் என்மேல் இல்லை, கம்ப்யூட்டர்மேல் இருந்தது. "இதுக்கு எப்டி சார் தெரிஞ்சுது?"

ஆபீசர் அறையில் இல்லை. பயப்பட ஒருவரும் இல்லை. இரண்டு நாளாக நாக்கில் கிடந்த வாக்கியம் அப்போதும் அங்கேதான் இருந்தது.

"ரெக்கார்டுல இருக்கும்," என்றேன். சே!

தலையை ஆட்டினார். "அன்னிக்கு கேன்டீன்ல கிண்டல் பண்ணிட்டேன். மன்ச்ல வெச்சுக்காத சார்."

திரும்பியவர் உடனே போகவில்லை. குனிந்து காலால் எதையோ துழாவினார். எட்டிப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே, வெயில் கொதிக்கிற சிமென்ட் தரையில், இவ்வளவு நேரமும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருக்கிறார்.